கொஞ்சம் உடம்பு சரியில்லை

தொலைபேசியில் ரிஃபாத் கடைசியாகச் சொன்னதுதான் கார் ஓட்டுநர் பக்ரியைக் கலங்கடித்தது.

"எஞ்சினியருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, உஸ்தா. நெஞ்சுல லேசா பிடிச்சிருக்கு. மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடு. அவசரமில்ல, பதறாம ஓட்டு."

கெய்ரோவில் ஒருவன் பதறாதே என்று சொன்னால் பதற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மூச்சு இருக்கிறதா என்று பக்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டான். அல்லா பெரியவன் என்றான் ரிஃபாத். அது எந்தக் கேள்விக்கும் பதிலில்லை. நீங்களே மேடத்திடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன் என்று பக்ரி கெஞ்சினான். தினமும் கூட இருக்கிறவன் நீதானே என்று பாரத்தை இவன் தலையில் கட்டிவிட்டு அந்தப் பாவி தொடர்பைத் துண்டித்தான். ரிஃபாத் எஞ்சினியரின் அலுவலகத்தில் எல்லாருக்கும் கட்டளையிடுகிற மனிதன். கெட்ட செய்தி என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

எஞ்சினியரின் மனைவி கிர்ஸ்டன் மேடம் பழக்கடையில் மாம்பழங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் விருந்து. மாதி பகுதியில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். கூடினால் பேச்சு நம்மைப் பற்றித்தான். வழி கேட்டால் ஒரு எகிப்தியனும் தெரியாது என்று சொல்லமாட்டான், கையைக் காட்டி எங்காவது அனுப்பிவிடுவான். குழாய் ரிப்பேர்காரன் நாளைக்கு என்றால் அது எந்த நாளை என்று கேட்கக்கூடாது. தின்றுகொண்டிருப்பவன் தெருவில் போகிறவனையெல்லாம் வா சாப்பிடு என்பான், நம்பி உட்கார்ந்துவிடாதே. தோட்டத்தில் காவலாளியோடு தேநீர் குடித்துக்கொண்டே பக்ரி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சிலது அவனுக்கே சிரிப்பாக வரும். வழி கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் தப்பான சந்துக்கு அனுப்பியவர்களில் அவனும் ஒருத்தன். ஆனால் சிரித்துவிட்டு உள்ளுக்குள் வெந்தும் போவான். இவர்கள் உப்பை நாம் தின்கிறோம் என்று வாயை மூடிக்கொள்வான்.

அவர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் அவனை நேராகக் குத்தியது: சாவுச் செய்தியை இங்கே ஒருவனும் நேராகச் சொல்லமாட்டான் என்பது. போன வருடம் அவன் அப்பா சொந்த ஊரான சோஹாக்கில் இறந்தபோது சித்தப்பா தொலைபேசியில் சொன்னதும் இதே வார்த்தைதான். அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ. அப்போதே பக்ரிக்குத் தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்தில் பையை வாங்கிக்கொண்ட அத்தை மகன், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றான். ஊர்ச் சாலையில் வண்டி ஓட்டியவன், டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றான். தெருமுனையில் துக்கப் பந்தல் தெரிந்தது. யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அதற்குள் அழுது முடித்து நிமிர்ந்து நடக்க அவனுக்குத் தெம்பு வந்திருந்தது.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது கிர்ஸ்டன் முகம் சிவந்துவிட்டாள். சொந்தக் குடும்பமே இவனை ஏமாற்றியிருக்கிறது என்று அந்த வார விருந்தில் எல்லாரிடமும் ஆதங்கப்பட்டாள். பிறகு இவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு மட்டும் இப்படிச் செஞ்சுடாதீங்க பக்ரி. எதுவா இருந்தாலும் நேரா சொல்லணும். வாக்குக் குடுங்க" என்றாள். கொடுத்தான். கொடுக்கிறபோது அது என்ன பெரிய காரியமா?

இப்போது பழக்கடை வாசலில் அந்த வாக்கை மீறித்தான் வாயைத் திறந்தான். எஞ்சினியருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் கையிலிருந்த பழம் அங்கேயே விழுந்திருக்கும். கிர்ஸ்டன் சிரித்தாள்.

"மறுபடி வயிறா? தெருவுல கல்லீரல் ரொட்டி தின்னாதேன்னு அவர்கிட்ட எத்தனை தடவை சொல்றது. உங்க ஊர்ல ஒருத்தன் தும்மினா தெருவே கூடிடும் பக்ரி."

இன்னும் நாலு பழம் பொறுக்கினாள். கடைக்காரனோடு இனிப்பா புளிப்பா என்று வாதாடினாள். பக்ரி பைகளைப் பிடுங்காத குறையாக வாங்கி வண்டியில் போட்டான்.

வண்டி நகர்ந்ததும் இரண்டாவது தவணையைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். இந்த முறை அவள் புருவம் சுருங்கியது. கணவரின் கைபேசிக்கு அழைத்தாள். எடுத்தது ரிஃபாத். ஒலிபெருக்கியில் அவன் குரல் தேனாக வழிந்தது. எஞ்சினியர் குதிரை மாதிரி இருக்கிறார், கவலையே வேண்டாம், நிதானமாக வாருங்கள் மேடம்.

"பார்த்தீங்களா?" என்றாள் கிர்ஸ்டன், பெருமூச்சு விட்டு. "அடுத்த திருப்பத்துல இடப்பக்கம் போங்க. தையல்காரர்கிட்ட மெத்தை உறைகளை வாங்கிட்டு அப்படியே போயிடலாம்."

திருப்பம் கண்ணுக்குத் தெரிந்தது. தையல்காரன் சும்மா விடமாட்டான். தேநீர் வரும், பிள்ளைகளின் படிப்பு விசாரிப்பு வரும், நேரம் ஓடிவிடும். அதற்குள் எஞ்சினியரின் கண் மூடிவிட்டால்? ஒருவேளை இப்போதே மூடியிருந்தால்? அதுதான் அவனை வதைத்தது. ரிஃபாத் சொன்ன வார்த்தை உயிரோடிருப்பவனுக்கும் பொருந்தும், போய்விட்டவனுக்கும் பொருந்தும். மூச்சு இருக்கிற மனிதனைப் பற்றிச் சாவுப் பேச்சை எடுத்தால், தானே அதைக் கூப்பிட்டு உள்ளே விட்டதாக ஆகிவிடாதா? அவனுக்கு வாய் கூசியது. எஞ்சினியர் யென்ஸ் நல்ல மனுஷன். இவன் அப்பா இறந்தபோது வாசல் வரை வந்து கட்டிப்பிடித்துக்கொண்ட மனுஷன்.

திருப்பம் வந்தது. பக்ரி வண்டியைத் திருப்பவில்லை.

"பக்ரி, இடப்பக்கம்னு சொன்னேனே."

"மேடம், எஞ்சினியருக்கு நெஞ்சுவலி. உயிரோட இருக்காரான்னு எனக்குத் தெரியாது. அந்த ஆள் சொன்னதை நம்பாதீங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நேரா சொல்லுன்னு கேட்டீங்க. சொல்லிட்டேன்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவுக்காக அழ அவனுக்கு ஒரு ரயில் பயணம் கிடைத்தது. இவளுக்கோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். தன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"வேகமா போங்க" என்றாள் கடைசியில். யாருடைய குரலோ போல இருந்தது.

அதன்பிறகு அவன் ஓட்டியதை ஓட்டுதல் என்று சொல்லமுடியாது. நைல் கரைச் சாலையில் நடைபாதைமேல் ஏற்றினான், எதிர்த்திசையில் போனான், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மினி பஸ்காரன் ஒருவன் அவன் தாயை இழுத்துத் திட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பக்ரி கத்தியதும் அதே ஆள் தன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்து வழிவிட்டான்.

யென்ஸ் உயிரோடிருந்தார். அறுவைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் படுக்கையில், முகம் சாம்பலாக வெளுத்து. கிர்ஸ்டன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் ஏதோ முனகினார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் நெற்றியில் முத்தமிட்டாள். கதவு மூடிக்கொண்டது. பக்ரி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, இவ்வளவாவது கொடுத்தாயே என்று இறைவனுக்கு நன்றி சொன்னான்.

மாலைத் தொழுகை அழைப்பு ஓய்ந்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்து தலைகுனிந்து நின்றார்.

ரிஃபாத் வந்து தோள் குலுங்க அழுதுவிட்டுப் போனான். கிர்ஸ்டன் அழவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனாள். கோபன்ஹேகனில் படிக்கும் மகள் சிக்னெயிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது. அந்த மொழி பக்ரிக்குப் புரியாது. ஆனால் குரலில் விம்மலே இல்லாதது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் சிக்னெயை விமான நிலையத்திலிருந்து கூட்டிவருபவன் அவன்தான். வண்டியில் ஏறியதும் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பாள்.

கிர்ஸ்டன் திரும்பிவந்து அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"என்னால முடியல பக்ரி" என்றாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, கிளம்பி வான்னு சொல்லிட்டேன். காலையில வர்றா."

பக்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன், மேடம்" என்றான். "மீதியை வர்ற வழியில நான் சொல்லிக்கிறேன்."