விஜயதசமியன்று எழாத கணினி

எங்கள் வீட்டுக் கணினி பிரெஞ்சில்தான் கண் விழிக்கும். என் மனைவியின் அண்ணன் பிரான்சில் இருக்கிறார். அவர் புதியது வாங்கியபோது, பழையதைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து, மூலக்குளத்தில் எங்கள் முன்னறை மேசைமேல் இறக்கிவிட்டுப் போனார். கீபோர்டில் எழுத்துகள் அந்த ஊர் வரிசையில் நிற்கும். திரையில் வருவதெல்லாம் அந்த ஊர்ப் பேச்சு. புதுச்சேரியிலேயே பிறந்து தலை நரைத்தவன் நான். தெருப்பெயர்ப் பலகைகளைத் தாண்டி எனக்கு பிரெஞ்சு போகாது. என் மனைவிக்கோ அது சோறு போடும் மொழி.

டவுனில் ஒரு டியூஷன் சென்டரில் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தாள். யாரோ எழுதிய பாடம், யாரோ போட்ட நேரம். இது நடந்த வருடம் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். "இனிமே என் வீடு, என் பாடம்" என்றாள். கட்டிக்கொண்டவர்கள் பிரான்சில் இருக்க, போய்ச் சேரக் காத்திருக்கும் பெண்கள் நம் ஊரில் எப்போதும் உண்டு. அவர்களுக்குப் படிப்பதைவிடப் பேசுவதுதான் பயம். கடையில் ரொட்டி கேட்க வேண்டும், பஸ்ஸில் வழி கேட்க வேண்டும், மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே அவள் தன் குரலாலேயே ஒரு பாடம் கட்டினாள். கணினியில் ஒரு வாக்கியம் ஒலிக்கும். கேட்டதைக் கேட்டபடி திரும்பச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

கோடை முழுக்கப் பதிவு நடந்தது. ஃபேன் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவாள். ஜன்னலைச் சாத்திவிடுவாள். வியர்வை கழுத்தில் இறங்க, மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, ரொட்டி விலை கேட்பாள். கவிதை எழுதும் எனக்கோ ஓரிடத்தில் உட்கார வராது. ஒரு வரி வந்தால் நடப்பேன், வராவிட்டால் அதிகமாக நடப்பேன். கதவு கிறீச்சிடும், சொம்பு உருளும், என் இருமல் அவள் வாக்கியத்துக்குள் புகுந்துவிடும். அவள் மறுபடி முதலிலிருந்து பேசுவாள். கெட்டுப்போன பதிவைக்கூட அழிக்க மாட்டாள். "இருக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்பாள். ஹார்லிக்ஸ் பாட்டில் முதல் கல்யாணப் பை வரை வீட்டில் எதையும் தூக்கிப்போடாத கை அது.

முதல் வகுப்பை விஜயதசமியன்று வைத்தாள். எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? மூன்று பெண்கள் வருவதாக இருந்தது. பத்தரை மணிக்கு.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்கூட்டி, மிக்ஸி, அடுப்பு, தையல் மெஷின், என் பேனா, கணினி, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். திரையின் தலையில் கதம்பம் சூட்டினாள். வைத்த பிறகு அன்று எதையும் தொடக்கூடாது. பொரியும் கடலையும் தின்றுகொண்டு, சும்மா இருக்கும் பொருள்களைப் பார்த்துக்கொண்டு, நானும் சும்மா இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. வில்லியனூர் சாலைவரை நடந்துவிட்டு வந்தேன். தெருவெங்கும் உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் மாப்பிள்ளைகள் போல நின்றன.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து அவளே பொத்தானை அமுக்கினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை ஒளிர்ந்தது. எப்போதும் வரும் பனிமலைப் படம் வரவில்லை. மழை வருமுன் இருக்கும் கடலைப் போல ஒரு சாம்பல் பக்கம் வந்தது; அதில் கட்டங்கள், எண்கள், பிரெஞ்சு வார்த்தைகள்.

"என்னாது இது?"

"நீதான படிக்கணும்?"

படித்தாள். "தேதி, நேரம், நினைவகம்... உள்ளாற என்னென்ன இருக்குன்னு கணக்கு சொல்லுது. வெளிய போறதுக்கு ஒரு பட்டன் சொல்லுது."

அந்தப் பொத்தானை அமுக்கி அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே வந்தோம். கணினி அணைந்து தானே எழுந்தது, மறுபடி அதே சாம்பல் பக்கத்துக்கு வந்தது. ஒயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துச் செருகினோம். அதே பக்கம். வேறு பிளக்கில் போட்டோம். அதே பக்கம்தான்.

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "பாடம் மொத்தமும் இதுக்குள்ளதாங்க இருக்கு."

"வேற எதுலயும் போட்டு வைக்கலயா?"

"போடலாம்னுதான் இருந்தேன்."

சென்டரை விட்டு வந்த நாள் முதல் அவள் கட்டியது அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ தன்னைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேச மறுத்தது.

தட்டாஞ்சாவடிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவருக்கு போன் போட்டேன். பின்னால் மேளம் கேட்டது. "சார், சாமானெல்லாம் சாமி முன்னாடி கீது. மறுபூஜ போடாம ஸ்க்ரூடிரைவரத் தொட மாட்டேன். மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கினு வாங்க" என்றார். மறுநாள் இன்னொரு முறை கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கருவிகளைக் கையில் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டு ஸ்கூட்டியும் அதற்காகத்தான் வாசலில் காத்திருந்தது; வகுப்பு அவசரத்தில் கணினியில் மட்டும்தான் முந்திக்கொண்டோம்.

பிறகு மச்சானைக் கூப்பிட்டோம். அங்கே இன்னும் விடியவில்லை. ஆனால் ஏதோ கிடங்கில் இரவுக் காவல் வேலை, விழித்துத்தான் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு அகர்பத்தி டப்பாமேல் சாய்த்து வைத்தோம்.

"அலோர், சரி மாப்ள, மொதல்ல சொல்லு. காப்பி கீப்பி கொட்டினீங்களா?"

"இல்ல மச்சான்."

"தண்ணி?"

"அய்யோ, ஒண்ணுமே படலண்ணா" என்றாள் அவள். "நேத்து முழுக்கத் தொடவே இல்ல. பூஜைக்கு வச்சிருந்தோம்."

"வுவாலா, அப்படிச் சொல்லு. அப்ப உள்ளாறதான் ஏதோ. கடல்காத்து, உப்புப் பூத்திருக்கும். மூடியத் தொற."

திறந்தேன். தூசி ஒரு போர்வை அளவுக்கு இருந்தது. ஓரமாக ஒரு பல்லி முட்டை ஓடு, யாரோ பத்திரப்படுத்தியது போல. நினைவக அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். என் கைக்கு இப்படியொரு வேலை கிடைத்ததில் உள்ளூர எனக்கு மகிழ்ச்சிதான். பொருத்தினோம். சாம்பல் பக்கம்.

"எல்லாத்தையும் கம்பெனியில வந்த மாதிரி மாத்திடு" என்றார். அவள் படித்துப் படித்துச் சொல்ல நான் அமுக்கினேன். சாம்பல் பக்கம்.

"மாப்ள, கவித எழுதற கையால தொட்டியா? அதான் கோச்சிக்கிச்சு."

"ஒங்கண்ணன் கொடுத்த பெட்டி. அந்த ஊரு குளிர்லயே இருந்திருக்கலாம்" என்றேன் அவளிடம்.

"ரெண்டு பேரும் செத்த நிறுத்துறீங்களா?" என்றாள். "ஒம்போதரை ஆவுது. அதுங்க வந்து ஒக்காந்தா நான் என்னாத்த வச்சித் தொடங்கறது?"

கணினியின் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டோடு திரும்பி வந்தாள். கற்பூரம், சந்தனக் கிண்ணம், குங்குமம். "மறுபூஜையாவது முடிச்சிடறேன். அதுக்கப்பறம் வர்றது வரட்டும்." ஈரத் துணியால் நேற்றைய காய்ந்த பொட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். திரையின் ஓரம். பெட்டியின் நெற்றி. பிறகு கீபோர்டு.

அங்கே கை நின்றது.

"ஏங்க... இது எந்திரிக்கவே மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். மற்ற பொத்தான்களெல்லாம் ஒரே உயரத்தில் நிற்க, ஒன்று மட்டும் குழிக்குள் இறங்கியிருந்தது. அதைச் சுற்றியிருந்த இடுக்கில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. காலை முதல் அந்தப் பொத்தானை யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் கணினி நினைத்திருக்கிறது; எழும் நேரத்தில் அதை அமுக்கினால் சாம்பல் பக்கம்தான் வரும்.

"மச்சான், சந்தனம்."

"என்னா சந்தனம்?"

"கீபோர்டுல பொட்டு."

"அடப்பாவிங்களா! ஏதாவது கொட்டினீங்களான்னு கேட்டனா இல்லியா?"

"சந்தனம் வச்சா அது எப்படிண்ணா கொட்டுனதாவும்?" என்றாள் அவள். உண்மையாகவே கேட்டாள். எனக்கும் அதுதான் தோன்றியது. காப்பி பட்டால் அழுக்கு, தண்ணீர் பட்டால் கேடு. சந்தனத்தை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அவர் சிரித்த சிரிப்பில் போன் டப்பாவிலிருந்து சரிந்தது.

"எந்தப் பட்டன், பாப்பா?"

அவள் அதன்மேல் இருந்ததைப் படித்தாள். "சுப்ர்." சொன்னதும் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அழிக்கிற பட்டன்."

"போயும் போயும் அதுமேலயா வச்ச?"

"நான் தொடாத பட்டன் அது ஒண்ணுதான? வெரல் படாத எடமா பாத்து வச்சேன்." துணியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "காத்தாலேருந்து அமுங்கியே இருந்திருக்கு. எல்லாத்தையும் அழிச்சிருக்குமாண்ணா?"

"தெரியலம்மா. தொறந்து பாத்தாதான்" என்றார் அவர். இந்த முறை கேலியில்லை.

அவள் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள். பொத்தானை நெம்பி எடுத்தேன். பல் பிடுங்கியது போல ஒரு குழி. பஞ்சை நனைத்து, பிழிந்து, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்தேன். வாசனை எழுந்தது, கோயிலுக்குள் பழுது பார்ப்பது போலிருந்தது. ஊதிக் காயவைத்துப் பொத்தானைப் பொருத்தினேன். அமுக்கினால் இறங்கியது, விட்டால் எழுந்தது.

அவள் கணினியை எழுப்பினாள். காற்றாடி சுற்றியது. கறுப்பு. பிறகு நீலம். பிறகு, மூலக்குளத்து வெயிலுக்குள் மெதுவாக, பனிமலை வந்தது.

நாங்கள் இன்னும் சிரிக்கவில்லை. அவள் பாடங்களின் கோப்புறையைத் திறந்தாள். வரிசை வரிசையாக இருந்தன. நல்லவை, கெட்டவை, பாதியில் நின்றவை, எல்லாமே இருந்தன. பெட்டி வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தானே எதையும் அழிக்க முடியும்? காலை முழுக்க அது வாசலிலேயே நின்றிருக்கிறது.

"இருக்குண்ணா" என்றாள்.

"மெர்சி, அதான் நன்றி, மாதாவுக்கா சரஸ்வதிக்கா, யாருக்குச் சொல்றியோ சொல்லிக்க" என்றார் அவர். "எனக்கு டூட்டி முடிஞ்சிது."

கற்பூரம் காட்டினாள். இந்தமுறை பொட்டு மேசைக்கு.

பத்தரைக்குப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பக்கத்துத் தெரு, ஒருத்தி பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில், இன்னொருத்தி இடுப்பில் குழந்தையோடு. பொரி கொடுத்து உட்கார வைத்தாள். விதியைச் சொன்னாள்: "என்ன கேக்குதோ அதையே அப்படியே திருப்பிச் சொல்லணும். தப்பானாலும் பரவால்ல, வாயத் தொறக்கணும்." நான் உள்ளறையில், கதவுக்குப் பின்னால், நடந்துகொண்டிருந்தேன்.

பதற்றம் இன்னும் விரலில் இருந்திருக்க வேண்டும். நல்ல பதிவுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த கெட்ட பதிவைத் திறந்துவிட்டாள். முதலில் அவள் குரல், தெளிவாக, பிரெஞ்சில் ரொட்டி விலை கேட்டது. மூன்று பெண்களும் கூச்சத்தோடு அதையே திருப்பிச் சொன்னார்கள். பின்னால் மீன்காரர் ஹாரன். அதற்குப் பின்னால் ஒரு சொம்பு உருண்டது, ஒரு இருமல். பிறகு கோடைகாலத்து என் மனைவியின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு, சுத்தமான புதுச்சேரித் தமிழில்:

"செத்த நேரம் சும்மா ஒக்காருங்களேன்!"

நிறுத்து, நிறுத்து என்று அவள் மவுசைத் தேடுவதற்குள், விதியை மறக்காத மூன்று பெண்களும் வாயைத் திறந்து, ஒரே குரலில், அழுத்தம் திருத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் சிரித்தது அவள்தான்.