அக்கா வைத்த இடத்திலேயே இறக்கை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "குடும்பத்துக்கு உழைச்சத எழுது. ஏரோப்ளேன் கதையெல்லாம் வாணாம், சிரிப்பானுங்க" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பட்டாபிராமில் பிறந்தார். பள்ளி முடித்த வருடமே அப்பா போய்விட்டார். மறு மாதம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் தங்கையான என்னையும் காப்பாற்றினார். கல்யாணம் வேண்டாம் என்றது அவருடைய விருப்பம். எங்களுக்காகத் தியாகம் செய்தார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு விமானம்தான். தெர்மகோலிலும் மூங்கில் குச்சியிலும் செய்வார். ரப்பரை முறுக்கிவிட்டால் முன்விசிறி சுற்றும். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வெளையாட்டு?" என்று கேட்காத உறவினர் இங்கே குறைவு. "உங்களுக்கு இன்னாத்துக்கு சீட்டாட்டம்?" என்று அக்காவும் திருப்பிக் கேட்காமல் விட்டதில்லை.

இறக்கையை ஒட்டமாட்டார், விமானத்தின் உடம்பு மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார். இரண்டு பக்கமும் இறக்கைக்கு அடியில் ஒரு விரல் கொடுத்துத் தூக்குவார். மூக்குத் தாழ்ந்தால் இறக்கையை முன்னால் தள்ளுவார், வால் தாழ்ந்தால் பின்னால் இழுப்பார். மட்டமாக நிற்கும்வரை சோறு இறங்காது.

புது விமானத்தின் மூக்கில் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் பறக்க விடுவார். தாலி இழந்தவள் வைக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். "எங்கம்மா வெச்சாத்தான் பறக்கும்" என்று அக்கா அடித்துச் சொன்னார். முதல் விமானம் அந்தச் சந்தனக் கனத்தில் குப்புற விழுந்தது. "பொட்டு வெக்கச் சொன்னா வடை தட்டிக்கீறியேம்மா" என்று சிரித்தாரே தவிர, பொட்டைத் துடைக்கவில்லை. இறக்கையை முன்னால் தள்ளிக் கட்டினார்.

நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்தபடியே கடைசி விமானத்தை முடித்தார். "எறக்கைல கை வெக்காத பாப்பா. கரீட்டா கீது" என்று என்னிடம் சொன்னார். அதன்பின் அவர் எழுந்து உட்காரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா அதை விரலில் தூக்கிப் பார்த்தார். வால் தொப்பென்று தாழ்ந்தது. "பாவம், கடைசீல கணக்கு தப்பிடுச்சு. மாலை போட்டு ஷோகேஸ்ல வெச்சுடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் பறக்கும் என்றார் என் கணவர். பறக்கும்தான். ஆனால் அக்காவின் கணக்குத் தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாட்டேன் என்றேன்.

சென்ற வாரம் தூசி துடைத்த அம்மா அதன் மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார். "இதுக்கு நான் பொட்டே வெக்கலியேடி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் சந்தனத்துக்கும் சேர்த்துத்தான் அக்கா இறக்கையை முன்னால் கட்டியிருக்கிறார்.

"வருசம் திரும்பல, துக்க ஊட்ல குங்குமம் எடுக்கக் கூடாது" என்று அன்று வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா தடுத்தார்.

"எம் பொண்ணுக்கு நான் வெக்கறேன். எந்தச் சாமி வந்து கேக்குதுன்னு பாக்கறேன்" என்று அம்மா சந்தனத்தைக் குழைத்தார். அதே வடை. விரல் கொடுத்துத் தூக்கினேன். ஆடாமல் மட்டமாக நின்றது. நான் வாய்விட்டு அழுதேன்.

திருநின்றவூர் ஏரிக்கரையில் விட்டோம். தண்ணீரைத் தாண்டிப் பறந்து நாணலுக்குள் இறங்கியது.

நோயில் துணை நின்ற பக்கத்து வீட்டாருக்கும், முறை வைத்து இரத்தம் கொடுத்த எஸ்டேட் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவுக்கும் நன்றி, வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி விமானத்தை எடுத்து வந்தவர் அவர்தான்.

இன்று மாலை மறுபடி பறக்க விடுகிறோம். சிரித்தவர்களும் வாருங்கள். இறக்கையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.