பாதியாகச் சுண்டிய தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கம். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனைவிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து தாய்ப்பால் நின்றுவிட்டது. பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பாலாடைச் சங்கில் புகட்டினோம்.

தண்ணீர் எங்கள் கொல்லைக் கிணற்றில் எடுத்தது. நான் முன்னின்று வெட்டிய கிணறு. தெருவில் பாதிப் பேர் குடிக்க அங்கேதான் எடுப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. போதாததற்கு, வகுப்பில் தினமும் சுகாதாரம் பேசுகிறவன். குழந்தைக்கான தண்ணீரை வேறு யாரையும் காய்ச்ச விடமாட்டேன். ஒரு கொதி போதாது என்று, பாதியாகச் சுண்டும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். "தண்ணியையும் கசாயமா வச்சிருவீங்க போலருக்கே" என்று மனைவி கேலி செய்வாள்.

இரண்டாம் மாதம் குழந்தையின் உதட்டு நிறம் மாறியது. நாவற்பழம் தின்ற வாய் போல ஒரு நீலம். நகக்கண்ணிலும் அதே நிறம். பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள், நிறம் தெளிந்தது. இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் தண்ணீரை இன்னும் அதிகமாகச் சுண்ட வைத்தேன். ஒரே வாரத்தில் குழந்தை முன்னைவிட நீலமாகிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

இந்த முறை பார்த்தது ஓர் இளம் டாக்டரம்மா. ஊசியில் எடுத்த ரத்தம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் எங்கள் கிணற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். எருக்குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். பத்தடி இருக்கும் என்றேன். எருவை நனைக்க வசதியாக இருக்கட்டும் என்று அதையும் அங்கேயே வெட்டியவன் நான்தான்.

"எருவுல இருந்து நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு கெணத்துல எறங்கியிருக்குங்க. பெரியவங்க தாங்கிக்குவாங்க, பச்சப்புள்ள தாங்காது" என்றார்.

"நல்லாக் காய்ச்சித்தாங்க குடுத்தேன்" என்றேன்.

"காய்ச்சினா கிருமிதாங்க சாகும். தண்ணி சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு என் கையாலேயே விஷத்தைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

ஊசி போட்டு, தண்ணீரையும் மாற்றியதும் குழந்தை தேறியது. ஊர் திரும்பினோம். என்ன வியாதி என்று கேட்டவர்களிடம் "மாட்டுப்பால் சேரலையாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். நான் தலைகுனியக் கூடாது என்று அவள் சொன்ன பொய் அது. அது எனக்கு நிம்மதியாக இருந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன். மழைநீர் தேங்கும் ஊருணியிலிருந்து குழந்தைக்கு நான் தண்ணீர் சுமந்து வருவேன். அவள்தான் ஒரு கொதி விட்டு இறக்குவாள். பாலாடையைத் தொடவே எனக்குத் துணிவில்லை. குழந்தையைத் தூக்கக்கூடக் கை கூசியது.

ஒரு மாதம் போயிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு கொல்லைக்கு வந்தார். அவர் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தது.

"ரெண்டுக்கும் பால் பத்தலைங்க வாத்தியாரே. மாவுப்பால்தான் கரைச்சுக் குடுக்கணும். ஒங்க கெணத்துத் தண்ணின்னா நம்பிக் குடுக்கலாம்" என்றபடி வாளியை இறக்கப் போனார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் போய்க் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன்.

"எடுக்காதீங்கக்கா. எம்புள்ள சாகக் கெடந்ததே இந்தத் தண்ணியாலதான். தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மனைவி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினாள். பாலாடையைக் கையில் கொடுத்தாள்.

"நீங்களே குடுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பை அப்போது பற்றவைத்திருக்கவே இல்லை. குழந்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்தது.

இன்று என் மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அவள் சிரிக்கும்போதெல்லாம், தப்பை ஒப்புக்கொண்ட அன்றைக்குத்தான் என் மனைவி அந்தப் பாலாடையை என்னிடம் திரும்பக் கொடுத்தாள் என்பது நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிடுகிறது.