ஒருமுறைகூட இடிக்காத பஸ்

என் மச்சான் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். முதல் விமானப் பயணம். இன்று காலை கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறியதுமே, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த விமானக் கம்பெனிகளின் விபத்துப் பட்டியலை நீட்டினான்.

"இந்தக் கம்பெனிக்கு விபத்தே சைபர். இதுலதான் டிக்கெட் போடப்போறேன்."

"அது இப்பதான்டா ஆரம்பிச்சிருக்கு. எத்தன தடவ பறந்துச்சுன்னும் பாக்கணும்ல?"

"சைபர்னா சைபர்தான் மச்சான்."

அந்த நேரம் பார்த்து எங்கள் பஸ் ஒரு லாரியை முந்தியது. எதிரே இன்னொரு பஸ். மயிரிழையில் தப்பினோம்.

மச்சான் கம்பியை விடாமல் கண்டக்டரிடம் கேட்டான்: "அண்ணே, இந்த வண்டி எங்கனா இடிச்சிருக்கா?"

கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு தடவகூட இல்ல சார். காலைலதான் பூஜ போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுத்தோம். இதான் மொத ட்ரிப்பு."

மச்சான் புதுச்சத்திரத்திலேயே இறங்கிவிட்டான். உடம்பெல்லாம் ஒடுக்கு விழுந்த ஒரு பழைய பஸ்ஸில் சிதம்பரம் வந்து சேர்ந்தான்.

"இது பத்து தடவ இடிச்சிருக்கும் மச்சான். ஆனா எத்தினி ஆயிரம் தடவ ஊரு போய்ச் சேந்திருக்கு!" என்றவன், பட்டியலைக் கிழித்தே போட்டுவிட்டான்.

ஆகவே நண்பர்களே, சிங்கப்பூர் போகிற, நன்றாக ஒடுக்கு விழுந்த விமானம் எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். ஜன்னல் சீட் வேண்டுமாம்.