எங்கே தடுக்கியது?

மொழித்துறை அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுவது என் வேலை. பக்கத்து வகுப்பறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பாடம் நடத்திய ஆசிரியையின் வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பு முழுவதும் என் காதில் விழும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பித்தவர் அவர். தாமே அதை முப்பது வயதுக்கு மேல்தான் கற்றார். கடையில் சோப்பு கேட்கத் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை பாடம் கிடையாது. அந்த வாரம் மொழி எங்கே தடுக்கியது, ஏன் என்று ஒவ்வொருவரும் எழுந்து தமிழில் சொல்ல வேண்டும்.

"இதுக்கு மார்க் இல்ல. பொய் சொன்னாத்தான் எனக்குக் கோபம் வரும்" என்பார்.

'எங்க தடுக்குச்சு மேடம்' என்றே பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஒரே ஒருவரை அந்த மொழி பேசும் நாட்டுக்கு ஒரு பருவம் படிக்க அனுப்புவதாக இருந்தது. அந்த வகுப்பில் இருந்த ஒரு தையல்காரர் மகள் அதற்காகவே உயிரைக் கொடுத்துப் படித்தாள். அவள் அம்மா அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனவர், திரும்பி வரவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்க வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார் துறைத்தலைவர். ஆசிரியை வேறு கிழமை சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைதான் தம் வகுப்பின் பெருமை என்று நினைத்து, அன்றைக்கே அழைத்தார்.

'ரேடியோ' என்று பெயரெடுத்த பையன் முதலில் எழுந்தான். "எனக்கு எங்கயும் தடுக்கல மேடம். நிறுத்துறதுதான் கஷ்டம்." வகுப்பு சிரித்தது. தலைவரும் சிரித்தார்.

அடுத்து தையல்காரர் மகள். "வகுப்புல பேச வருது மேடம். அம்மாவுக்கு போன் பண்ணும்போது அந்த வீட்டுக்காரம்மா எடுத்தா வாய் பூட்டிக்குது. முதல்ல தமிழ்ல யோசிச்சு, அப்புறம் மாத்தி... அதுக்குள்ள அவங்க வச்சிடறாங்க."

"நல்லா கவனிச்சிருக்கம்மா" என்றார் ஆசிரியை. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையும் தலைவரும் என் மேசைக்கு வந்தார்கள். தலைவர் ரேடியோவின் பெயரைச் சொன்னார்.

"சார், தடுக்குற இடம் தெரிஞ்சவதான் சார் அதைத் தாண்டுவா."

"போன்லயே பேச வராத பொண்ணு அங்க போய் என்ன பண்ணும்? நானா சொல்றேன்? நீங்க கேட்டீங்க, அவளே சொன்னா."

ஆசிரியை வாதாடிப் பார்த்தார். பேராசிரியர் கூட்டத்திலும் பேசினார். பெயர் மாறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தது.

"எங்கயும் தடுக்கல மேடம். நல்ல முன்னேற்றம்."

ஆசிரியை அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு எழுந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மணியடிக்க வெகுநேரம் இருந்தும் வகுப்பு முடிந்துவிட்டது.

மறுபருவத்துக் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்புக்கு நேரே 'இலக்கணம்' என்று எழுதிக் கொடுத்தார் ஆசிரியை. நானும் அப்படியே பதிந்தேன்.