ஆறுதலாக நடந்த பலகை

மயிலாப்பூரில் விடிந்ததும் வாசலுக்கு வாசல் கோலம் போடுகிறார்கள். எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை போடுவோம். அதில் என் அம்மா, முன்வைத்த காலின் குதி பின்காலின் விரல்களைத் தொட, கைகளை விரித்துக்கொண்டு நடப்பார். வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்து, "என்ன, உங்காத்துல சர்க்கஸ் பழகறேளா?" என்றார். "இல்லை, கப்பல் ஏறப் பழகிறன்" என்றார் அம்மா. மாமி அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அது வேடிக்கையே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவரை இரண்டாம் உலகப் போர் இங்கேயே மறித்துவிட்டது. போர் முடிந்து, புறப்படலாம் என்ற வேளையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது; கால் தன் உறுதியை இழந்தது. இன்னொரு முறை விழுந்தால் படுக்கைதான் என்று எச்சரித்த டாக்டர், ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கவும் கோடு பிசகாமல் நடக்கவும் பழக்கச் சொன்னார். பலகை அம்மாவின் யோசனை. தனுஷ்கோடியில் கப்பலுக்குப் போட்டிருக்கும் பலகையைத் தன் காலாலேயே கடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். "தூக்கி ஏத்தினால் பிணம் எண்டு நினைப்பினம்" என்பார்.

நான் அலுவலகம் போகிறவன். கைபிடித்து நடத்தக் கன்னியம்மாளை வேலைக்கு வைத்தேன். தங்கமான மனசு, கொஞ்சம் அவசரக்காரி. இருவரும் பேசுவது தமிழ்தானே என்று நிம்மதியாக இருந்தேன். கடல் கடக்கப்போகும் நண்பர்களே, அந்த நிம்மதியை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு விடுமுறை நாள். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். "ஆறுதலா, பிள்ளை, ஆறுதலா" என்று அம்மாவின் குரல் கேட்டது. நம் யாழ்ப்பாணத்தில் அதற்கு மெதுவாக என்று பொருள். கன்னியம்மாளோ கிழவி மனம் கலங்கித் தேறுதல் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

"கவலப்படாத பாட்டிம்மா, நான் கீறேன் இல்ல? தோ, வந்துட்டோம் பாரு!" என்று கையை இன்னும் விரைவாக இழுத்தாள். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் பலகை புரண்டுவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடக்க வழியில்லை என்றார் டாக்டர். "ஆறுதல் சொல்லச் சொல்லுதுன்னு நெனச்சேன் சாமி" என்று கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யார்மேல் கோபப்படுவது? ஒரு சொல்லைச் சுவரில் மோதி உடைக்க முடியுமா? அன்று நான் வாய்விட்டு அழுதேன். இப்போதும் எனக்கு விடிவு தெரியவில்லை.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். எடுக்க அம்மா விடவில்லை. படுக்கையில் அவரைப் புரட்டும்போது வலி தாங்காமல், அவளுக்கு விளங்கட்டும் என்று, "மெதுவா, மெதுவா" என்கிறார். கன்னியம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஆறுதலா பாட்டிம்மா, ஆறுதலா" என்கிறாள்.