நேசம்மாள் டீச்சரின் பெஞ்சு

சைக்கிள் பம்பால் காற்றடித்த பந்தைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் நேசம்மாள் டீச்சர். காற்று எங்காவது கசிகிறதா என்று சோதிக்கும் வழி அது. இல்லை என்று தெரிந்ததும் தோல்வாரை இழுத்துக் கட்டி, பந்தைத் தரையில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அந்தச் சத்தத்துக்குத்தான் விடுதியே காத்திருந்ததுபோல, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் ஓடிவருகிறார்கள்.

தக்கலைப் பக்கத்தில் உள்ள எங்கள் பெண்கள் பயிற்சிக் கல்லூரியில் அவர் டிரில் ஆசிரியை. நான் தமிழ் நடத்துகிறேன். நல்ல உயரம், ஒடுங்கிய முகம், அதட்டத் தெரியாத குரல். திருவட்டாறுக்காரர். சென்னையில் தேகப்பயிற்சி படித்துவிட்டு வந்தபோது கூடவே கொண்டுவந்தது இந்தக் கூடைப்பந்து ஆட்டம். வாசகர்களில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெண்கள் ஆடுவது பக்கத்துக்கு அறுவராக. இரு முனைகளிலும் ஒவ்வொரு கம்பம். அதன் உச்சியில் ஓர் இரும்பு வளையம். எங்கள் கம்பங்கள் பனந்தடி. வளையங்களை அடித்துக் கொடுத்தவர் தக்கலைக் கொல்லர். எதிராளி வளையத்துக்குள் அதிகமுறை பந்தைப் போட்டவர்களுக்கு வெற்றி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. எறிந்துதான் கொடுக்க வேண்டும்.

ஆடும் அறுவரைப் பார்க்கத்தான் ஊர் வருகிறது. எனக்கோ, ஓரத்துப் பலாமரப் பெஞ்சில் காத்திருக்கும் மற்றப் பெண்களிடம் டீச்சர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பதில்தான் ஆசை. அவர்களைச் சும்மா உட்கார விடமாட்டார். ஆட்டம் சூடாக இருக்கும்போது திடீரென்று திரும்பி, "இப்பம் யாரு பந்து கேக்காம நிக்கா?" என்பார். பதில் வராவிட்டால் அன்று அந்தப் பெண்ணுக்கு ஆட்டம் கிடையாது. பதில் சரியாக வந்தால், பந்துக்குக் கை நீட்டாமல் நின்றவளை வெளியே அழைத்துவிட்டுச் சொன்னவளை உள்ளே அனுப்புவார். இதனால் எங்கள் பெஞ்சில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வெற்றி உறுதியான பிறகு புதியவர்களை இறக்குவதுதான் மற்ற இடங்களில் வழக்கம். டீச்சர் அதைச் செய்யவே மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "செயிச்ச பெறவு இறக்கி விடுகது பிச்ச போடுகது மாதிரி. பிள்ளைகளுக்கு அது தெரியும்" என்றார்.

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பெண்கள் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தார்கள். எங்கள் பக்கம் லீலாபாய் என்ற பெண் எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் சமநிலை. அந்த நேரத்தில் டீச்சர் நடுவரிடம் சொல்லி லீலாபாயை வெளியே அழைத்தார். அவள் நம்பாமல் நின்றாள். பெஞ்சிலிருந்து எழுப்பப்பட்ட தாணம்மாளோ அவளைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தாள். இரணியல் பக்கத்து விவசாயி மகள். பயிற்சியில் நன்றாக ஆடுவாள், கூட்டத்தைக் கண்டால் குறி தப்பும்.

"நான் வேண்டாம் டீச்சர். நான் போனா தோத்துருவோம்."

"தோத்தா நான் தோத்ததாட்டு இருக்கட்டு. நீ போ மக்கா."

தாணம்மாள் போனாள். முதல் பந்தை வளையத்துக்கு வெகுதூரம் தள்ளி எறிந்தாள். கூட்டம் சிரித்தது. அடுத்ததும் தவறியது. அதற்கடுத்தது விழுந்தது. ஆனால் அதற்குள் எதிராளிகள் முந்திவிட்டார்கள். கடைசியில் லீலாபாயை மறுபடி இறக்கியும் எட்டவில்லை. தோற்றோம்.

லீலாபாயின் தகப்பனார் முத்துநாயகம் அரிசி வியாபாரி, கிறிஸ்தவ சபையில் செல்வாக்கு உள்ளவர். எல்லோர் முன்னிலும் வந்து கேட்டார்: "எனக்க பிள்ள நல்லா எறிஞ்சிட்டு நிக்கும்போ எதுக்கு டீச்சர் வெளிய எடுத்திய?"

"களைச்சு விழுந்த பெறவு எடுத்தா அவளுக்கு அது தண்டன. நல்லா ஆடும்போ எடுத்தாத்தான் அது ஓய்வு."

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்று முழுதாக விளங்கவில்லை. அவர் நேராகக் கல்லூரித் தலைவியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாளிடம் போனார். மிஸ்ஸியம்மாள் டீச்சரை அழைத்து, அடுத்த ஆண்டும் இப்படித் தோற்றால் ஆட்டத்தை வேறு ஆசிரியையிடம் ஒப்படைக்க வேண்டிவரும் என்றார். பந்து தன் கையில் இருக்கும்வரை தன் முறைப்படிதான் ஆடவைக்க முடியும் என்று சொல்லிவிட்டு வந்தார் டீச்சர்.

அவர் தைரியசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தவளைக்குப் பயப்படுவார். பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பிடிவாதம்? சென்னையில் படித்தபோது அவரைப் பெஞ்சிலேயே உட்காரவைத்திருப்பார்களோ என்று எண்ணி, ஒரு மழைநாளில் கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு ஆட்டம்கூட வெளியே உட்கார்ந்ததில்லையாம். முழங்கால் முட்டு வீங்கியபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறார். அந்த இடத்தில் ஆட வேறொருத்தி இல்லை. படிப்பு முடிந்தபோது ஆட்டமும் முடிந்துவிட்டது. இப்போது மாடிப்படி ஏறும்போது வலது காலை ஊன்ற யோசிக்கிறார்.

"நேசம்மாளுக்கு மாத்து இல்லேன்னு எல்லாரும் பெருமையாட்டு சொன்னாவ. அந்தப் பெருமையிலதான் முட்டு போச்சு" என்றார்.

இந்த ஆண்டு லீலாபாயும் இன்னும் சில நல்ல ஆட்டக்காரிகளும் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் அணி அவ்வளவுதான் என்று தக்கலையில் பேச்சு. ஆனால் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோருமே நெருக்கடியில் ஆடிப் பழகியவர்கள். திருவனந்தபுரத்துக்குப் போய் அவர்கள் மைதானத்திலேயே ஆடி, ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். மிஸ்ஸியம்மாள் கைதட்டியதைப் பார்த்தேன். வேறு ஆசிரியையைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்த ஆட்டத்தின் நடுவில் நடந்த ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை. அன்று எங்களுக்காக அதிகம் எறிந்தவள் தாணம்மாள். குறி தப்பவில்லை. பந்து அவளைத் தேடித் தேடி வந்தது. முடிவு இன்னும் எந்தப் பக்கமும் சாயாத நேரத்தில் டீச்சர் கையை உயர்த்தி அவளை வெளியே அழைத்து, ராகேல் என்ற புதுப்பெண்ணை உள்ளே அனுப்பினார். தாணம்மாள் முகம் சிவந்து, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நல்லாத்தானே டீச்சர் ஆடினேன்?"

டீச்சர் ராகேலின் முதல் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் முந்தானையால் தாணம்மாளின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.